பிரஷர் ஏறாத எலக்ட்ரிக் குக்கர்: காலையில் வேகும், சாயங்காலம் வேகாது

எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் பிரஷர் ஏறவில்லை என்றால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கு 2,630 ரூபாயும் மூன்று வாரமும் மிஞ்சியிருக்கும். கடைசியில் கோளாறு இருந்தது சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு சிலிக்கான் மூடியில். அதைக் கண்டுபிடிப்பதற்குள் தப்பான கேஸ்கட் ஒன்று, சரியான கேஸ்கட் ஒன்று, குக்கருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு புதிதாக ஒன்று என்று வரிசையாகக் காசு கொடுத்துவிட்டேன். இதே வழியில் இன்னொருவர் போய் மாட்டக் கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் குக்கர் 6 லிட்டர், 1000 வாட். வாங்கி இரண்டு வருடம். அத்தைக்கு முட்டுவலி, அடுப்புக்கு முன்னால் நின்று விசில் எண்ண முடியாது என்பதால் வாங்கியது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்த வாரம். மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சொந்தக்காரர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு, காலையிலேயே ஊறப்போட்ட ஒரு கப் கொண்டைக்கடலையை மூன்று கப் தண்ணீர் ஊற்றி வைத்தேன். கொதிக்கிற சத்தம் கேட்டது, ஆவியும் வந்தது, ஆனால் ஸ்க்ரீனில் நிமிடம் ஓட ஆரம்பிக்கவே இல்லை. 45 நிமிடம் கழித்து அடிப்பிடித்துவிட்டது என்று எச்சரிக்கை காட்டி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் தண்ணீர் வற்றிப்போய் அடியில் இருந்த கடலை கருகியிருந்தது, மேலே இருந்தது பல்லில் கடிபடவில்லை. பந்தியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஆனதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே குக்கரில் பருப்பு வைத்தேன். ஒரு குறையும் இல்லாமல் குழைய வெந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி அதே கதை. காலையில் வேகிறது, சாயங்காலம் வேகவில்லை என்பதுதான் பெரிய துப்பு. அதை அப்போதே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

இந்த குக்கர் வேலை செய்யும் விதம் கேஸ் அடுப்புக் குக்கரிலிருந்து கொஞ்சம் வேறு. இதில் விசில் கிடையாது. மூடியில் இரண்டு துவாரம் இருக்கும். ஒன்றின் மேல் ஆவியைத் திறந்துவிடும் வெயிட் உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் சின்ன உலோக முள் ஒன்று மேலும் கீழும் ஆடும், இதைப் பின் என்றும் ஃப்ளோட் வால்வ் என்றும் சொல்வார்கள். தண்ணீர் கொதித்ததும் உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் முதலில் அந்த முள்ளின் ஓரமாகத்தான் வெளியே போகும். ஆவியின் வேகம் கூடக் கூட முள் மேலே எழும்பி, அதன் கீழ்முனையில் மாட்டியிருக்கும் சிலிக்கான் மூடி துவாரத்தை அடியிலிருந்து அடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் பிரஷர் ஏறும். அது தேவையான அளவைத் தொட்ட பிறகுதான் நிமிடக் கணக்கு ஓடும். ஆகவே முள் எழும்புவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் அந்த இடத்தில் புஸ்ஸென்று ஆவி வருவது கோளாறு இல்லை. பத்து நிமிடம் தாண்டியும் வந்துகொண்டே இருந்தால் கோளாறு. மூடியின் விளிம்பைச் சுற்றி எந்த நேரத்தில் ஆவி வந்தாலும் கோளாறுதான்.

இது எதுவும் தெரியாமல், பிரஷர் ஏறவில்லை என்றால் ரப்பர்தான் போயிருக்கும் என்று நானே முடிவு செய்து விளக்குத்தூண் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். அளவு சொன்னேன். சாதாரண குக்கருக்குப் போடும் கறுப்பு ரப்பர் ஒன்றைக் கொடுத்தார்கள், 120 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது உட்காரவே இல்லை. எலக்ட்ரிக் குக்கரில் கேஸ்கட் மூடியின் உள்பக்கம் இருக்கும் ஒரு கம்பி வளையத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும். சிலிக்கானில் செய்தது, குறுக்குவெட்டும் வேறு மாதிரி. விட்டம் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பது தப்பு. பிறகு மாடல் எண்ணைப் பார்த்து 450 ரூபாய்க்குச் சரியானதை வரவழைத்தேன். அதற்கு நான்கு நாள். மாடல் எண் குக்கரின் அடியிலோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும், அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டருக்கும் 6 லிட்டருக்கும் கேஸ்கட் ஒன்றுதான் என்று ஊகித்து வாங்காதீர்கள்.

கேஸ்கட் வாங்குவதற்கு முன் பழையதைச் சோதித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. கழற்றிக் கழுவித் துடைத்து, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து முழு வட்டமும் உருட்டிக்கொண்டே வாருங்கள். கீறல், வெடிப்பு, கெட்டிப்பட்ட இடம் இருந்தால் விரலில் தெரியும். திரும்ப மாட்டியதும் கம்பி வளையத்தைச் சுற்றிச் சமமாகப் பொருந்தி நிற்கிறதா என்று பாருங்கள். விரலால் தள்ளினால் கொஞ்சம் நகரலாம், ஆனால் மூடியைக் கவிழ்த்தால் விழக் கூடாது. சூட்டில் சிலிக்கான் விரியும். அடுத்தடுத்து இரண்டு முறை சமைக்கும்போது இரண்டாவது முறை மட்டும் கசிந்தால், பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்து மாட்டினால் சரியாகிவிடும். கம்பி வளையம் நெளிந்திருந்தால் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் நிற்காது. தினமும் புழங்குகிற வீட்டில் ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எங்களுடையது இரண்டு வருடமாகியும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. புதுசு போட்டும் சாயங்காலம் பிரஷர் ஏறவில்லை.

அடுத்தது மெக்கானிக். ஆட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுக்கா. ஹீட்டருக்குக் கரண்ட்ட ஒழுங்கா அனுப்பல" என்றார். 1,800 ரூபாய், ஐந்து நாள். வாங்கப் போன அன்று மத்தியானம் என் கண் முன்னாலேயே இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்துக் காட்டினார். முள் டக்கென்று எழும்பியது. நிம்மதியாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று ராத்திரி ஆட்டுக்கால் வைத்தேன், ஏறவில்லை. அந்த ராத்திரி எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு யோசித்தால் அவர் பொய் சொல்லவில்லை, அவர் கடையில் உண்மையாகவே ஏறியது. மத்தியானம் சோதித்தார், அவ்வளவுதான். ஆனால் போர்டில் கை வைப்பதற்கு முன்பே அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்திருந்தால், பழைய போர்டிலேயே ஏறியிருக்கும், 1,800 ரூபாய் தப்பியிருக்கும். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது இதை வாய்விட்டுக் கேளுங்கள்: "எதையும் மாத்துறதுக்கு முன்னாடி தண்ணி வச்சு ஓட்டிக் காட்டுங்கண்ணே."

அந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். உள்பாத்திரத்தில் அளந்து 750 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள், வேறு எதுவும் போட வேண்டாம். வெயிட்டை மூடிய நிலைக்குத் திருப்பி, பிரஷர் குக் 5 நிமிடம் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். நல்ல குக்கரில், நல்ல கரண்டில், எட்டுப் பத்து நிமிடத்துக்குள் முள் எழும்பிவிடும். எழும்பவில்லை என்றால், நீளக் காம்பு உள்ள எவர்சில்வர் கரண்டி ஒன்றை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வைத்து, அதன் முதுகை மூடியின் விளிம்பை ஒட்டிச் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஆவி கசியும் இடத்தில் கரண்டியில் வியர்வை பிடிக்கும். கையால் தடவிப் பார்க்கக் கூடாது, முகத்தை மூடிக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. ஆவி பட்டால் தோல் உரிந்துவிடும். எங்கள் குக்கரில் விளிம்பு முழுக்கச் சுற்றினேன், கரண்டி காய்ந்தே இருந்தது. வெயிட் பக்கமும் ஒன்றுமில்லை. முள்ளுக்கு மேலே கொண்டுபோன உடனே கரண்டி முழுக்க நீர் கோத்தது. உற்றுப் பார்த்தால் முள் பாதி எழும்புகிறது, நடுங்குகிறது, பொத்தென்று உள்ளே விழுகிறது. மறுபடி எழும்புகிறது, விழுகிறது. 25 நிமிடம் விட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தி, ஆறிய பிறகு தண்ணீரை அளந்தேன். 750 ஊற்றியதில் 520 மில்லிதான் மிச்சம். ஒழுங்காக மூடிக்கொள்ளும் குக்கரில் இரண்டு மூன்று கரண்டித் தண்ணீருக்கு மேல் குறையாது.

குக்கர் முழுக்க ஆறிய பிறகு முள்ளைக் கழற்றினேன். மூடியின் அடியில் விரல்விட்டு அந்தச் சிலிக்கான் மூடியை உருவினால் முள் மேல்பக்கமாகக் கையில் வந்துவிடும். அந்தச் சிலிக்கான் மூடியின் ஒரு பக்கம் அரை சென்டிமீட்டருக்குக் கிழிசல். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, கொஞ்சம் இழுத்தால் வாய் பிளக்கும். கிழிந்ததற்கும் காரணம் கிடைத்தது. பருப்பு பொங்கி முள்ளின் துவாரத்தில் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டும்போதெல்லாம் ஊக்கை விட்டுக் குத்திக் குத்தித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊக்கு, ஊசி, கத்தி முனை எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு, அதனால் முள்ளைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பும் பூத்திருந்தது. அது கெட்டியானால் முள் துவாரத்தில் உராய்ந்து எழும்பாமல் நின்றுவிடும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரைமணி நேரம் போட்டால் கரைந்துவிடும். கழற்றும்போது தொட்டி வடிகாலை அடைத்துவிட்டுக் கழற்றுங்கள், இந்தச் சின்ன மூடி தண்ணீரோடு போனால் திரும்பக் கிடைக்காது. முள்ளும் இரண்டு மூடியும் சேர்த்து 180 ரூபாய்க்குக் கிடைத்தது. அது ஒன்றுதான் தேவையாக இருந்த செலவு. கறுப்பு ரப்பர் 120, கேஸ்கட் 450, போர்டு 1,800, ஆட்டோ 260 எல்லாம் வீண்.

சரி, மூடி கிழிந்திருந்தால் காலையில் மட்டும் எப்படி ஏறியது? இதற்குப் பதில் ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு உள்ளே வரும் வோல்டேஜ் 182 என்று காட்டியது. சித்திரை வெயிலில் தெரு முழுக்க ஏசி ஓடும் நேரம். காலை ஆறு மணிக்கு 228. ஹீட்டர் கொடுக்கும் சூடு வோல்டேஜோடு நேராகக் குறையாது, அதன் வர்க்கத்தோடு குறையும். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் ஹீட்டர் 182 வோல்ட்டில் சுமார் 626 வாட்தான் தரும். கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரை 1000 வாட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 26 மில்லி ஆவியாக்கும், 626 வாட் 16 மில்லி. வெளியே வீணாகும் சூட்டைக் கழித்தால் இன்னும் குறைவு. காலையில் கிழிசல் வழியாகக் கசிவதைவிட அதிகமாக ஆவி உண்டாகிறது, முள்ளைத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. சாயங்காலம் உண்டாகிற ஆவி கசிவுக்கே சரியாகிவிடுகிறது. கசிவு மட்டும் இருந்திருந்தாலும் ஏறியிருக்கும், வோல்டேஜ் மட்டும் குறைந்திருந்தாலும் நேரம் பிடித்தாவது ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்துதான் படுத்திவிட்டது. அதனால் ஒரு நேரம் ஏறுகிறது, ஒரு நேரம் ஏறவில்லை என்றால் போர்டைச் சந்தேகப்படும் முன் இரண்டு நேரத்திலும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இந்தக் குக்கரைச் சொருகவே கூடாது. 4.3 ஆம்பியர் இழுக்கும், பிளக் சூடாகி உருகும், வோல்டேஜும் ஒயரிலேயே கொஞ்சம் விழும். சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பாயிண்டில் நேராகச் சொருகுங்கள். கரண்ட் போனால் வீட்டில் இருக்கும் 850 விஏ இன்வெர்ட்டர் இதைத் தாங்காது.

ஆவி கசியாமலே பிரஷர் ஏறாத வீடுகளும் உண்டு. தண்ணீர் போதவில்லை என்றால் ஏறாது, 6 லிட்டர் குக்கருக்குக் குறைந்தது ஒன்றரை கப், அதாவது 375 மில்லி, தண்ணீராகவே இருக்க வேண்டும். தக்காளித் தொக்கு, அரைத்த தேங்காய், கெட்டியான மசாலா எல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேராது. அவை அடியில் தங்கிச் சூட்டை மேலே விடாது, உடனே அடிப்பிடித்த எச்சரிக்கை வரும். தாளித்த பிறகு அரை டம்ளர் தண்ணீர் விட்டு அடியை மரக்கரண்டியால் நன்றாகச் சுரண்டிவிட்டு மற்றதைச் சேருங்கள், கெட்டியான மசாலாவை மேலாகப் போடுங்கள், கிளற வேண்டாம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு, அரிசி, பயறு என்றால் பாதிதான். பருப்பில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் நுரை அடங்கும், முள்ளும் சுத்தமாக இருக்கும். வெயிட் லொடலொடவென்று ஆடுகிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். அது அப்படித்தான் இருக்கும், திருகி இறுக்கும் சாமான் அல்ல. அதற்கு அடியில், மூடியின் உள்பக்கம், சின்ன சல்லடை மூடி ஒன்று இருக்கும். அதையும் கழற்றிக் கழுவ வேண்டும். ஸ்லோ குக், தயிர், சூடாக வைத்திருத்தல் இவற்றில் எதையாவது தெரியாமல் அமுக்கியிருந்தால் பிரஷர் வரவே வராது.

இன்னொரு குழப்பம், பருப்பு வேகாததை எல்லாம் பிரஷர் இல்லை என்று எடுத்துக்கொள்வது. முள் எழும்பி, நிமிடம் முழுக்க ஓடி முடிந்தும் பருப்பு விதைவிதையாக இருந்தால் குக்கரில் குற்றமில்லை. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். பழைய பருப்பு என்றால் இன்னும் மோசம். குடிக்கிற தண்ணீரில் வேகவையுங்கள், புளியையும் தக்காளியையும் வெந்த பிறகு சேருங்கள், கொண்டைக்கடலைக்கு ஊறும்போதே ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போதும். தவிர, பல எலக்ட்ரிக் குக்கர்கள் அடுப்புக் குக்கரைவிடக் கொஞ்சம் குறைந்த பிரஷரில்தான் ஓடும். அதில் உள்ளே 120 டிகிரி பக்கம் போகும், இதில் 115 பக்கம். ஆகவே அடுப்பில் பத்து நிமிடத்தில் வெந்தது இதில் இரண்டு மூன்று நிமிடம் கூடக் கேட்கும்.

உண்மையாகவே கரண்ட் பக்கம் கோளாறு இருந்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். ஸ்க்ரீன் எரிகிறது, அரைமணி நேரமாகியும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது என்றால் தெர்மல் ஃப்யூஸோ (சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிப்பது) ஹீட்டரோ போர்டோ போயிருக்கும். ஸ்க்ரீனே வரவில்லை என்றால் முதலில் பிளக்கோடு வரும் ஒயரைப் பாருங்கள், பிறகுதான் ஃப்யூஸ். தண்ணீர் கொதித்து ஆவி வந்துவிட்டது என்றாலே ஹீட்டரும் ஃப்யூஸும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். எனக்கு அன்றைக்கே இது தெரிந்திருந்தால் போர்டு பேச்சுக்கே போயிருக்க மாட்டேன். கொதிப்பதற்குள்ளேயே அடிப்பிடித்த எச்சரிக்கை வந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்பாத்திரத்தைத் தூக்கி ஹீட்டர் தட்டின் நடுவில் இருக்கும் பித்தான் மாதிரியான சென்சாரை அமுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங்போல் அமுங்கி எழும்ப வேண்டும். ஒரே ஒரு சோற்றுப் பருக்கை அதன் ஓரத்தில் சிக்கியிருந்தாலும் பாத்திரம் சரியாக உட்காராமல் தப்புக் கணக்குப் போடும். உள்பாத்திரம் வைக்காமல் தவறுதலாக உள்ளே தண்ணீர் ஊற்றிவிட்டால் உடனே பிளக்கைப் பிடுங்கி, கவிழ்த்து வடித்து, நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், காய்ந்துவிட்டது என்று ஓட்டிப் பார்க்க வேண்டாம். கசிகிற இடத்தில் எம்சீல் வைப்பது, முள்ளை நூலால் கட்டி மேலே நிறுத்துவது, மூடியின் மேல் அம்மிக் குழவியை வைப்பது இதையெல்லாம் ஆள் சொல்லக் கேட்டேன். செய்யாதீர்கள். அந்த முள் கீழே இருப்பதுதான் உள்ளே பிரஷர் இல்லை, திறக்கலாம் என்பதற்கு அடையாளம். அதைக் கட்டிவிட்டால் திறக்கிறவர் முகத்தில்தான் முடியும்.

புது மூடி மாட்டிய அன்று சாயங்காலம் ஏழு மணிக்கே சோதித்தேன், ஸ்டெபிலைசரில் 184. அதே 750 மில்லி. 11வது நிமிடத்தில் முள் எழும்பியது, ஆடவில்லை. ஐந்து நிமிடம் ஓடி முடிந்து, தானாக ஆவி அடங்கி முள் விழுந்த பிறகு அளந்தால் 730 மில்லி இருந்தது. மறுநாள் ராத்திரி கொண்டைக்கடலை வைத்துவிட்டு அத்தை பக்கத்து அறையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். மிச்சமிருக்கும் இன்னொரு மூடி ஒரு காகிதத்தில் மடித்து, மாடல் எண் எழுதி, தீப்பெட்டிக்குள் போட்டு அடுப்படி மேல்தட்டில் இருக்கிறது.